அப்பா கீழே இறங்குவதற்குள்

என் அப்பா என் வீட்டுக்காரரோடு நான்கு வருஷமாகப் பேசிக்கொண்டுதான் இருந்தார். என்ன, எல்லாம் என் வழியாக. இரண்டு பேரும் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். "ஃபேனைக் கொஞ்சம் குறைக்கலாமான்னு அவரைக் கேளும்மா" என்பார் அப்பா. "குறைச்சுக்கச் சொல்லு" என்பார் இவர். இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும். இருந்தாலும் நான் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கேட்டதையே திரும்பக் கேட்டு, சொன்னதையே திரும்பச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எனக்கு இடிகூட இல்லை, வெறும் நடைதான்.

சண்டை எதுவும் கிடையாது. இவர் நானே பார்த்துக் கட்டிக்கொண்ட ஆள், அவ்வளவுதான் குற்றம். அப்பா கல்யாணத்துக்கு வந்தார், முன்வரிசையில் உட்கார்ந்தார், சாப்பிட்டார், வாழ்த்தினார். ஆனால் இவர் முகத்தைப் பார்த்து 'வா', 'நீ', 'ஏம்ப்பா' என்று ஒரு சொல் வரவில்லை. எப்போதும் 'அவரு'தான். மரியாதை கொடுத்தே ஒரு மனிதரை நான்கு வருஷம் வாசலில் நிறுத்திவைக்க என் அப்பாவால்தான் முடியும்.

அப்பா முப்பது வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். அதை மூடியபோது தனக்கென்று வைத்துக்கொண்டது ஒரு கருநீலக் கார். அதை அக்கா கேட்டும் தந்ததில்லை, நான் கேட்டும் தந்ததில்லை. பிறகு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. தெருவிளக்கைச் சுற்றிப் பஞ்சு ஒட்டியிருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே மூன்று வருஷம் ஓட்டினார். முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் என்று முடிவானபோது, அம்மா அக்காவின் பிரசவத்துக்குப் போயிருந்தார். ஆஸ்பத்திரி எங்கள் வீட்டுக்குப் பக்கம். ஆக, பத்து நாள் எங்கள் வீட்டில் தங்கியே தீர வேண்டிய நிலைமை அவருக்கு. வேறு போக்கிடம் இருந்திருந்தால் வந்திருக்க மாட்டார்.

ஆபரேஷனுக்குப் போகிற அன்று காலை, அப்பா பையிலிருந்து கார் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"டாக்டர் பத்து நாள் வண்டியத் தொடக்கூடாதுன்னுட்டாரு. சும்மாவே நின்னா பேட்டரி இறங்கிடும். தினம் ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணச் சொல்லு. இதை அவர்கிட்ட குடு."

இவர் அந்தச் சாவியை இரண்டு கையாலும் வாங்கினார். பட்டம் வாங்குகிற பிள்ளைகூட அப்படி வாங்காது. பிறகு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இங்கே எங்கள் இருவரின் பிழைப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து நடந்தது யாருக்கும் விளங்காது. இவர் மருந்துக்கடையில் மருந்தாளுநர். மாத்திரை டப்பாவுக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கிற பொடி எழுத்துத் தாளை முழுக்கப் படிக்கிற ஒரே மனிதர் இவராகத்தான் இருப்பார். நான் பல்செட் செய்கிற கூடத்தில் வேலை பார்க்கிறேன். அச்சில் வார்த்த பல்செட்டைத் தேய்த்து, வழவழப்பாக்கி, மினுமினுப்பு ஏற்றுவது என் பகுதி. அதற்கு முதல் தேய்ப்புக்கு பியூமிஸ் என்று ஒரு மாவு உண்டு. எரிமலைக் கல்லை இடித்துப் பொடித்தது. தண்ணீரில் குழைத்து, சுற்றுகிற துணிச்சக்கரத்தில் வைத்தால் கரடுமுரடெல்லாம் போய்விடும். ஆனால் மினுக்கு வராது, மங்கலாகத்தான் நிற்கும். மினுக்கு அதற்கு அடுத்த வேலை. அவசர வேலைகளை வீட்டுக்கு எடுத்துவருவதால் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் அந்த மாவை வைத்திருந்தேன். பாட்டில்மேல் ஒன்றும் எழுதவில்லை. என் மாவு, எனக்குத் தெரியும்.

ஆபரேஷன் அன்று மாலை, மறுநாள் அப்பாவை அவருடைய காரிலேயே அழைத்துவர வேண்டும் என்று இவர் எங்கள் வீட்டுக்குப் போய், அப்பா ஓட்டிவந்து நிறுத்தியிருந்த வண்டியைத் துடைத்திருக்கிறார். பானெட்டில் காக்கை ஒன்று தன் வேலையைக் காட்டியிருந்தது. காய்ந்து கல்லாகிப் போனதை ஈரத்துணியில் தேய்த்தார், போகவில்லை. அப்போதுதான் என் பாட்டில் நினைவுக்கு வந்ததாம். 'வாய்க்குள்ள போற பல்லுக்கே போடுறாங்க, வண்டிக்குப் போட்டா என்ன?' என்று யோசித்தாராம். எழுதியிருந்தால் படித்திருப்பார். படிப்பதற்கு எதுவும் இல்லாத பாட்டிலை வாழ்க்கையில் முதல்முறையாகத் திறந்தார். காய்ந்த துணியில் மாவைத் தொட்டு, காக்கை எச்சத்தையும் அதைச் சுற்றி ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு மினுமினுப்பையும் சேர்த்து எடுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தவரின் முகத்தைப் பார்த்ததும், ஏதோ விபரீதம் நடந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் வெளிய வா."

வெளியே போய்க் கேட்டேன். கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தேன். "ஏங்க, ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா? அந்த மாவோட நான் ஒன்பது வருஷமா குடும்பம் நடத்துறேன்!"

"நீ ஆபரேஷன் ரூம் வாசல்ல இருந்த. எதுக்குத் தொந்தரவுன்னு..."

எனக்கு வந்த கோபத்துக்கு, அங்கேயே ஏதாவது ஒரு கட்டிலில் அவரையும் படுக்கவைத்திருக்கலாம். அதே நேரம், அவருடைய வலது கை மறுபடி சட்டைப்பையைத் தொட்டதையும் பார்த்தேன். இந்த முறை சாவி இருக்கிறதா என்று அல்ல. இனி அது தன்னிடம் இருக்குமா என்று. கோபம் பாதியில் நின்றுபோனது.

மறுநாள் அப்பாவின் கண்கட்டை அவிழ்த்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்பினார்கள். பத்தாம் நாள் வந்து காட்ட வேண்டும். அதுவரை குனியக்கூடாது, தூசி படக்கூடாது, மாடிப்படி ஏறி இறங்கக்கூடாது. நாங்கள் வாடகைக் கார் பிடித்தோம்.

"நம்ம வண்டி என்னாச்சு? அவரைக் கேளு."

"ஏசி காத்து நேரா கண்ணுல படுமாம்பா" என்று நானே சொல்லிவிட்டேன். வாடகைக் காரிலும் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நல்லவேளை, அப்பா மருந்து மயக்கத்தில் இருந்தார்.

எங்கள் வீடு இரண்டாவது மாடி; அப்பாவை ஒரு தடவை மெல்லத் தாங்கி ஏற்றிவிட்டோம். கார் பின்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே. அப்பா கீழே இறங்க எட்டு நாள் இருந்தது. ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். இவர் ஒப்பவில்லை. "உங்கப்பா எனக்குக் குடுத்த வண்டி. இன்னொருத்தன் கையில குடுக்க மாட்டேன்." நியாயம்தான். தன் கையால் கெடுத்ததைத் தன் கையாலேயே கெடுத்து முடிக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. வெளியே சொல்லவில்லை.

பாலிஷ் மெஷின் வாங்கித் தானே தேய்த்து மினுக்குவது என்று முடிவு செய்து, இவர் ஒரு நோட்டு போட்டார். முதல் பக்கத்தில் கட்டம் கட்டி, மெஷின் வகை, சுற்றும் வேகம், எடை, மெஷின் நுனியில் மாட்டுகிற பேடு, மருந்து, வேக்ஸ் என்று தலைப்பு எழுதினார். கடைசித் தலைப்பு 'பக்கவிளைவுகள்'. இரண்டு நாள் எழுதினார். கடையில் மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம்கூட 'உங்க வீட்ல காருக்கு என்ன வேக்ஸ் போடுறீங்க?' என்று விசாரித்திருக்கிறார். ஒருவர் தேங்காயெண்ணெய் என்றாராம். அதையும் எழுதிவைத்திருந்தார், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு.

மூன்றாம் நாள் கருவிக் கடைக்குப் போனார். அந்தக் கடைக்காரரிடம் ஒரு குணம். நாம் எதைக் கையில் எடுத்தாலும், "அதேதான் சார் நீங்க தேடுறது" என்பார். இவர் முதலில் கையில் எடுத்தது நேராகச் சுற்றுகிற பெரிய மெஷின், கம்பளி பேடு போட்டது. கற்றவன் கையில் அது அரைமணியில் வேலையை முடிக்கும். கல்லாதவன் கையில் பெயிண்டையே முடித்துவிடும். அதேதான் சார் நீங்கள் தேடுவது என்று இரண்டு நாள் பார்க்கச் சொல்லிக் கொடுத்தனுப்பிவிட்டார்.

நேராகக் காரில் வைக்காத அளவுக்கு இவருக்கு விவேகம் இருந்தது. "எந்த மருந்தையும் நேரா மனுஷனுக்குக் குடுக்க மாட்டாங்க. முதல்ல எலிக்கு." எலி எது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். எங்கள் ஃப்ரிட்ஜ் நின்றுகொண்டிருந்தது. அதுவும் இரும்புத் தகடு, அதன்மேலும் பெயிண்ட்.

நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அடுப்படியில் சத்தம். உள்ளே போனால், இவர் இரண்டு கையாலும் மெஷினைப் பிடித்து ஃப்ரிட்ஜ் கதவில் அழுத்திக்கொண்டு நிற்கிறார். மெஷின் இவரை ஓட்டுகிறது. முன்னறையிலிருந்து அப்பாவின் குரல்.

"என்னம்மா சத்தம்?"

"மிக்ஸிப்பா!"

"காலையில இருந்து என்ன அரைக்கிற?"

காலையில் நான் வீட்டிலேயே இல்லை. அதற்குள் ஒரு கருகல் வாடை வந்தது. மெஷினைப் பிடுங்கி சுவிட்சை அணைத்தேன். ஃப்ரிட்ஜ் கதவில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் பழுத்து, நடுவில் தகரம் எட்டிப் பார்த்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை இரண்டாவது தடவையும் நடந்தாயிற்று.

"ஒரே இடத்துல வெச்சு அழுத்தினா சூடு ஏறாதா? பல்செட்ட இப்படிப் பிடிச்சா ஈறு உருகி என் கையில ஒட்டிக்கும். இது என்ன வேகத்துல சுத்துது தெரியுமா?"

"தெரியும். நோட்டுல இருக்கு."

"நோட்டுல இருந்தா ஆச்சா? கையில இருக்கணும்."

சொன்ன பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். மூன்று நாளாகக் கடைக்காரரைக் கேட்டார், இருமலுக்கு மருந்து வாங்க வந்தவரைக் கேட்டார், வீடியோவில் தெரியாத பாஷை பேசுகிறவனைக் கேட்டார். ஒன்பது வருஷமாகத் தேய்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவள் பக்கத்துத் தலையணையில் படுத்திருக்கிறாள். அவளைக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. இதை நான் வாய்விட்டே சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"தோணுச்சு" என்றார் இவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "உன் மாவை எடுத்துதான் கெடுத்தேன். மறுபடி உன்கிட்டயே வந்து நிக்க வெட்கமா இருந்துச்சு."

அன்று சாப்பாட்டின்போது அப்பா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவ்வளவு நேரம் அரைச்சியே, அது எங்க?"

மறுநாள் நானே கடைக்குப் போனேன். இவர் நோட்டோடு பின்னால் வந்தார். கடைக்காரரிடம் மூன்றே கேள்விதான். அழுத்தினால் நிற்குமா? மெதுவாக ஓட்டலாமா? கை வலிக்காமல் அரைமணி பிடிக்கலாமா? அவர் மனசில்லாமல் உள்ளேயிருந்து இன்னொரு மெஷினை எடுத்துவந்தார். சுற்றிக்கொண்டே தள்ளாடுகிற ரகம். அதிகம் அழுத்தினால் சுற்றுவதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கும். வேலை மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் பெயிண்டை எரிக்காது. "இது கத்துக்கிறவங்களுக்குத்தாங்க" என்றார், குறை சொல்வதுபோல. "நாங்க அவங்கதாங்க" என்றேன். கம்பளி பேடு வேண்டாம் என்றுவிட்டு மூன்று ஃபோம் பேடுகள் எடுத்தேன். கெட்டியானது, நடுத்தரம், மெத்தென்றது. நிறத்தைப் பார்த்து எடுக்காமல் விரலால் அமுக்கிப் பார்த்து எடுத்தேன். ஒரு கம்பெனியின் கெட்டி நிறம் இன்னொரு கம்பெனியில் மெத்தென்றது. பிறகு ஒரு பாலிஷ், ஒரு டப்பா வேக்ஸ், காகித டேப், நூல் பிரியாத மைக்ரோஃபைபர் துணி ஏழு. பெரிய மெஷினைத் திருப்பிக் கொடுத்தபோது, "அதேதான் சார் நீங்க..." என்று அவருக்குப் பழக்கதோஷத்தில் வாய் வந்தது, பாதியில் மூடிக்கொண்டார்.

அப்பா பகல் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை தூங்குவார். அந்த இரண்டு மணிதான் எங்கள் நேரம். நான் அரைநாள் விடுப்பு போட்டேன். இவர் மருந்துக்கடையில் என்ன சொன்னாரோ தெரியாது. பானெட்டைக் கழுவி, விளிம்பெல்லாம் டேப் ஒட்டி, மெத்தென்ற பேடில் நாலு சொட்டு பாலிஷ் வைத்துக் கொடுத்தேன். முதலில் மெஷினைப் பெயிண்டில் வைக்க வேண்டும், பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன். இவர் காற்றிலேயே போட்டார். நாலு சொட்டும் நாலாயிரமாகி என் முகத்தில், சுவரில், கீழ்வீட்டுக்காரர் காயப்போட்டிருந்த போர்வையில் போய் உட்கார்ந்தது. எனக்கு வந்த சிரிப்பை அடக்க வாயில் துணியை வைத்துக்கொண்டேன்.

மெத்தென்ற பேடு போதவில்லை, நடுத்தரம் போட்டோம். மெஷினின் எடையே அழுத்தம், கை வழிகாட்டினால் போதும் என்று அவர் கைமேல் என் கையை வைத்து இழுத்துக் காட்டினேன். குறுக்காக இரண்டு தடவை, நெடுக்காக இரண்டு தடவை, நத்தை வேகத்தில். துடைத்தேன். வெளிறிப் போயிருந்த வட்டம் பாதி கரைந்திருந்தது. மறுபடி ஒருமுறை. போயே போய்விட்டது. அந்த இடத்தில் மேலே தகரக் கூரையின் ஒவ்வொரு வரியும் தெரிந்தது. இவர் குனிந்து தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார்.

"உங்கப்பா கையில இருந்து எனக்கு வந்த முதல் பொருள் அந்தச் சாவிதான்" என்றார். "உன்கிட்ட குடுத்துதான் குடுக்கச் சொன்னார். இருந்தாலும் அவர் கையில இருந்த சூடு அதுல இருந்துச்சு. அதைக் கெட்டுப்போன வண்டியோட திருப்பிக் குடுத்தா, அப்புறம் இன்னொரு நாலு வருஷம் எனக்கு ஃபேனை மட்டும்தான் கேப்பாரு."

இதை ஒரு நாள்கூட என்னிடம் சொன்னதில்லை. எனக்குப் பழகிப்போனது போலவே இவருக்கும் பழகிப்போயிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

பிரச்சினை அதோடு தீரவில்லை. அந்த ஒரு இடம் மினுங்கியதும்தான் மற்ற இடமெல்லாம் எவ்வளவு மங்கிக் கிடக்கிறது என்று தெரிந்தது. பானெட்டில் ஒரு நிலா உதித்த மாதிரி இருந்தது. முழு பானெட்டையும் போட்டோம். பிறகு பானெட் புதுசு, கதவு பழசு. கதவையும் போட்டோம். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் என்பது பாலிஷுக்கும் பொருந்தும்.

இதற்கிடையில் மேலே வேறு ஆபத்து. அப்பாவுக்குக் கண் தெளிந்துகொண்டே வந்தது. எங்கள் வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் வந்து இறங்கியதைப் போல ஆயிற்று. மூலையில் ஒட்டடை தெரிந்தது, கடிகாரம் மூன்று நிமிஷம் பின்னால் இருப்பது தெரிந்தது. அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்க வந்தவர், "ஏம்மா, ஃப்ரிட்ஜுக்கு என்ன தேமலா?" என்றார். பழசாகிவிட்டது என்றேன். சாயங்காலம் இவர் உள்ளே வந்ததும், "அவரு காதுல வெள்ளையா என்னவோ இருக்கே, கேளு" என்றார்.

"ஷேவிங் கிரீம்ப்பா."

"நாலு மணிக்கா?"

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. நான் கண்ணில் மருந்து சொட்டு விடக் குனிந்தேன். அப்பா அந்த ஒரு கண்ணால் என்னையே பார்த்தார். "உனக்கு நரை விழுந்திருக்கேம்மா" என்றார். "ரெண்டு வருஷமாச்சுப்பா" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "எதெதையெல்லாம் பாக்காம இருந்திருக்கேன்" என்றார். "கண்ணைத் திறங்கப்பா, சொட்டு விடணும்" என்றேன்.

எட்டாம் நாள் எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. வேக்ஸை மட்டும் இவரே போட வேண்டும். மெல்லிசாகப் பூசுங்கள், ஒவ்வொரு பாகமாகப் பூசி உடனே துடையுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். இவர் நல்ல மருந்தென்றால் கூடுதலாகவே போடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, முழு டப்பாவையும் முழு காரிலும் தடித்துப் பூசிவிட்டு, காயட்டும் என்று கடைக்குப் போய்விட்டார். நான் வந்தபோது கருநீலக் கார் வெள்ளைக் காராக நின்றது. வேக்ஸ் பொருக்குத் தட்டிப் போயிருந்தது.

ஒன்பதாம் நாள் பகல் முழுக்கத் துடைத்தோம். அப்பா தூங்கினாரா விழித்தாரா என்றுகூடப் பார்க்கவில்லை. ஏழு துணியில் ஒன்று கீழே விழுந்தது. இவர் எடுத்து உதறிவிட்டு மறுபடி காரில் வைக்கப்போனார். நான் போட்ட கூச்சலில் கீழ்வீட்டு ஜன்னல் திறந்தது. "கீழ விழுந்த துணி செத்த துணி! ஒரு மண் துகள் போதும், எட்டு நாள் வேலை போச்சு!" பிறகு ஆறு துணியில் துடைத்தோம். என் தோள்பட்டை என்னுடையதாக இல்லை. ஆனால் முடித்துவிட்டு எட்ட நின்று பார்த்தபோது, அந்தக் காரை விற்ற கம்பெனிக்காரனே வந்து கும்பிடு போட்டிருப்பான்.

பத்தாம் நாள் காலை அப்பா படியிறங்கினார். நான் ஒரு பக்கம், இவர் இன்னொரு பக்கம். வழியில் நான் இவரிடம் கிசுகிசுத்தேன். "வாயே திறக்காதீங்க. கேட்டா தண்ணி ஊத்திக் கழுவினோம்னு சொல்லிக்கலாம்."

அப்பா காரைப் பார்த்ததும் நின்றார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு முறை சுற்றி வந்தார். மறுபடி சுற்றினார். கூரையை விட்டு வெளியே எடுத்து நிறுத்தியிருந்ததால், பானெட்மேல் பக்கத்து வேப்பமரத்தின் நிழலுரு இலை இலையாகத் தெரிந்தது.

"அடேயப்பா" என்றார். "இவ்ளோ அழகாவா இருந்துச்சு என் வண்டி? பாவி, மூணு வருஷமா புகைக்குள்ள பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். அந்த டாக்டர் கைக்குத் தங்கக் காப்பு போடணும்மா!"

அப்பா எல்லாவற்றையும் தன் புதுக் கண்ணின் கணக்கில் சேர்த்துவிட்டார். நாங்கள் தப்பித்தோம். முழுசாக, அழகாக, இன்றைக்கு ஒரு பொய்கூடச் சொல்லாமல் தப்பித்தோம். இனி உயிருள்ளவரை யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் இவர் முழங்கையை அழுத்திப் பிடித்தேன்.

"எல்லாம் டாக்டர் கைராசி" என்றார் அப்பா மறுபடி. "என்னா வேலைக்காரன்யா!"

இவர் முகத்தைப் பார்த்தேன். வந்திருந்த நிம்மதி மெல்ல மெல்ல வடிந்துகொண்டிருந்தது. கிள்ளினேன். பயனில்லை. நுணலும் தன் வாயால் கெடும்.

"கண்ணு இல்ல மாமா" என்றார்.

அப்பா திரும்பினார்.

"கண்ணு தெளிஞ்சா மட்டும் பானெட்ல இலையை எண்ண முடியுமா மாமா? அது பாலிஷ். நடுத்தர ஃபோம் பேடு. மூணாம் ஸ்பீடு. குறுக்க ரெண்டு, நெடுக்க ரெண்டு. அப்புறம் வேக்ஸ். எட்டு நாள் வேலை. டாக்டருக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல." பையிலிருந்து நோட்டை வேறு எடுத்துவிட்டார்.

"பாலிஷா?" என்றார் அப்பா, என்னைப் பார்த்து. "எதுக்கும்மா பாலிஷ்? அவரு எதுக்கு என் வண்டிக்கு..."

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். காக்கை, பாட்டில், மாவு, ஃப்ரிட்ஜ், மிக்ஸி, காதில் வெள்ளை. ஒன்றைக்கூட விடவில்லை. கடைசியில், "தப்புதான் மாமா. ஆனா சரி பண்ணது நாங்கதான்" என்று நிறுத்தினார்.

அப்பா நோட்டைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கத் திரும்பினார். நான் வழக்கம்போல் சொல்லப்போவதை வாங்கிக்கொள்ளத் தயாரானேன். ஆனால் அவர் பார்வை என்மேல் நிற்கவில்லை. என்னைத் தாண்டிப் போனது.

"உனக்கு அறிவிருக்காய்யா?"

எனக்குச் சுரீர் என்றது.

"பல்லு தேய்க்கிற மாவ எடுத்து வண்டியில தேய்ப்பியா நீ? நீயெல்லாம் படிச்சவனா? நாளைக்கு பெட்ரோல் தீர்ந்தா இருமல் மருந்து ஊத்துவியா? காக்கா எச்சத்துக்கு ஈரத்துணியப் போட்டு அரைமணி ஊற விட்டா தானா வருது. இது தெரியல, மெஷினைத் தூக்கிட்டு வந்துட்ட! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவ?"

அப்பாவிடம் வண்டி கற்றவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அத்தனை பேரையும் இதே குரலில்தான் திட்டினார். அத்தனை பேரும் இன்றைக்கும் அவரைத் தெருவில் பார்த்தால் வண்டியை ஓரம்கட்டிவிட்டு வந்து பேசுவார்கள். என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திட்டு வாங்க வாங்க முகம் மலர்ந்துகொண்டே போனது. மருத்துவரைக் கூப்பிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

"என்ன இளிக்கிற?"

"ஒண்ணுமில்ல மாமா."

அப்பா குனிந்து கதவைத் தடவப்போனார். "குனியக்கூடாதுப்பா!" என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். நிமிர்ந்தபடியே உள்ளங்கையால் தடவினார். "இந்த ஓரம் யாரு போட்டது?"

"அவ மாமா."

"அது நல்லா இருக்கு. இது?"

"நான்."

"அதான் பாத்தேன்" என்றார் அப்பா. "ஏறு. ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு. நீதான் ஓட்டணும்."

இவர் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தார். அப்பா பக்கத்தில், முன்சீட்டில். நான் பின்னால். தெருமுனை திரும்புவதற்குள் கிளட்சிலிருந்து காலை எடு, ரெண்டாவது போடு, கண்ணாடியப் பாத்தியா, எங்க பாத்த, பொய் சொல்லாத என்று பதினைந்து தடவை வந்துவிட்டது. பதினைந்துக்கும் இவர் "சரி மாமா" என்றார். நேராகவே சொன்னார். நான் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதலில் இரண்டு தடவை பழக்கத்தில் முன்னால் சாய்ந்து வாயைத் திறந்தேன், பிறகு பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

சிக்னலில் வண்டி நின்றது. அப்பா சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"காலையில ஏதாவது சாப்பிட்டியா, இல்ல அதுவும் இல்லையா?"

இவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். "இல்ல மாமா" என்றார்.

"அப்ப அந்தப் பக்கம் கடையில நிறுத்து. வெறும் வயித்தோட வண்டி ஓட்டாத."

நானும்தான் சாப்பிடவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேட்காமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.